ராகு காலக் கடிகாரம்

அக்டோபர் 1, ஞாயிறு

இருபத்துமூன்றாம் எண் ஏல அட்டைக்காரர் இன்றைக்கும் நாலரை மணிக்கு எழுந்து போய்விட்டார். ஏலம் சூடு பிடிக்கிற நேரம். பெஞ்சமின் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழைய தங்கக் கைக்கடிகாரத்தின் பெருமையைப் பாடிக்கொண்டிருக்கிறான். இவர் துணிப்பையை மடித்து இடுக்கிக்கொண்டு, யார் காலையும் மிதிக்காமல், பூனை மாதிரி நழுவுகிறார். காரணம் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு வேறு. அந்த நேரத்தில் பொருள் வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

எனக்கு இதில் லாபம்தான். எழும்பூரில் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு நடக்கும் இந்த ஏலத்துக்குக் கடிகாரம் வாங்க வருகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, எடைக்காரர்கள். அவர்களுக்குக் கைக்கடிகாரம் என்பது உள்ளே குப்பை அடைத்த தங்கம். கூட்டின் எடைக்கு என்ன பெறுமோ அதுவரை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அவர்கள் கையில் சிக்கிய கடிகாரம் மறுநாளே உருகிவிடும். இன்னொரு வகை, நானும் இருபத்துமூன்றும். எடை விலை தாண்டியதும் கூடத்தில் எங்கள் இருவர் அட்டை மட்டும்தான் மேலே நிற்கும். சில வருடங்களாகவே இப்படித்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேர்கூடத் தெரியாது. மேல்வரிசை இடது கோரைப்பல்லுக்குத் தங்க உறை போட்டிருக்கிறார், அது லேசாகத் தளர்ந்திருக்கிறது என்பது தெரியும். பல் டாக்டராக இருந்தால் இதுதான் தொல்லை. முகம் மறந்துவிடும், பல் மறக்காது.

அவர் போன பிறகு ஒரு சதுர முகக் கடிகாரம் எனக்குச் சுலபமாக வந்தது. வீட்டுக்கு வந்து தோசை வார்த்துப் பொடி தொட்டுச் சாப்பிட்டேன். ஒருத்திக்காகச் சட்னி அரைக்க மிக்சி போடுவது அநியாயம்.

அக்டோபர் 4, புதன்

அடுத்த ஏலங்களுக்கான பட்டியல் தபாலில் வந்தது. நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு படித்தேன். கிளினிக்கை மூடியபோது எல்லாவற்றையும் விற்றுவிட்டேன், நாற்காலியை மட்டும் விற்க மனம் வரவில்லை. ஆட்கள் திட்டிக்கொண்டே மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். சோபா இருக்க வேண்டிய இடத்தில் இப்போது அது இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பயந்துபோவார்கள் என்று வேலைக்கு வரும் பாக்கியம் சொன்னாள். வருகிறவர்கள் யார் என்று கேட்டேன். அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதிப் பட்டியலில் ஒரு வரி. வெர்னே, ஆண்கள் கைக்கடிகாரம், பதினெட்டு காரட், வெண்ணெய் நிற முகப்பு, கீழே சின்னதாக விநாடி வட்டம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான்.

அப்பாவும் அம்மாவும் விருதுநகரில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். அதுவும் வேண்டுமென்றே ராகு காலத்தில். எனக்கு வெற்றிச்செல்வி என்று பேர் வைத்தவர்கள் வேறு எப்படிச் செய்துகொள்வார்கள். தாலி கிடையாது. தாலிக்குப் பதில் ஆளுக்கொரு வெர்னே. ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சின்னது, ஒரே பெட்டியில் ஜோடியாக விற்பார்களாம். அவர் அவளுக்குக் கட்டினார், அவள் அவருக்குக் கட்டினாள். ராகு ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். பல வருடம் கழித்து அப்பா லாரி மோதி வெளியூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடம்பு வீட்டுக்கு வந்தது, கடிகாரம் வரவில்லை. அம்மா தன்னுடையதைக் கழற்றவே இல்லை. தாலியாக இருந்தால் கழற்று என்று நாலு பேர் வந்திருப்பார்கள். கடிகாரத்தைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அது இப்போது அந்த ஜோடிப் பெட்டியோடு என்னிடம் இருக்கிறது. அதன் ஜோடியைத்தான் நான் ஏலம் ஏலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், மற்றவை போகிற போக்கில் வாங்கியவை. அப்பாவுடையதே கிடைக்கும் என்று நம்ப நான் முட்டாள் இல்லை. அதே மாதிரி ஒன்று போதும். சேகரிப்பு முழுமையாக வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 9, திங்கள்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பாக்கியம் வரவில்லை, மச்சான் வீட்டில் காதுகுத்து. இன்று என்னோடு பேசியவர்கள் பிளம்பரும், கடன் வேண்டுமா என்று போனில் கேட்ட பெண்ணும். அந்தப் பெண்ணோடு கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவளே போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று ஏலத்தில் நான் எதையும் வாங்கவில்லை. இருபத்துமூன்று ஒன்றை வாங்கினார், ஒன்றை விற்றார். போன மாசியில் என்னோடு போட்டி போட்டு எடுத்த அதே கடிகாரத்தை இப்போது விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறார். எப்போதும் இதே வழக்கம். வாங்குவது, சில மாதம் வைத்திருப்பது, விற்பது. பொருள் மேல் பாசம் கிடையாது. தரகு புத்தி.

இந்த ஆள் வெர்னேயை விடமாட்டார். அவர் கூடத்தில் இருந்தால் எனக்கு வராது, நாலரை தாண்டினால் வரும். ஏலம் முடிந்ததும் பெஞ்சமினைத் தனியாகப் பிடித்தேன். பால்பல் காலத்திலிருந்து என் நோயாளி அவன். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். இருபத்தொன்பதாம் தேதி அந்த வெர்னேயைக் கடைசியில் போட முடியுமா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான்.

"வரிசைய மாத்துறது ஒண்ணும் தப்பில்ல டாக்டர்," என்றான். "கடைசியில வச்சுக்கலாம்."

தப்பில்லை என்று அவனே சொல்லிவிட்டான். ஒருவருடைய மூடநம்பிக்கை இன்னொருவருக்கு உதவட்டுமே. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அக்டோபர் 28, சனி

ஏலப் பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு வெர்னேயைப் பார்த்தேன். முகப்பு மறுபூச்சு இல்லை. மெருகு போட்டுத் தேய்க்காததால் கூட்டின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன. பின்மூடியில் முத்திரை தெளிவு.

எனக்குப் பிறகு இருபத்துமூன்று வந்தார். லென்ஸ் கிடையாது, மூடியைத் திறந்து காட்டச் சொல்லவில்லை, முத்திரையைத் திருப்பிப் பார்க்கவில்லை. சாவி கொடுத்துக் காதில் வைத்தார். தேங்காய் வாங்க வந்தவர் தோற்றார் போங்கள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர் இருமிய பிறகுதான் கீழே வைத்தார்.

இவரா எனக்கு எதிரி என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு இழவும் தெரியவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

வந்துவிட்டது. மேஜையில் அம்மாவுடையதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். மத்தியானம் முழுக்க நாற்காலி, மேஜை, கண்ணாடி விளக்கு, பிறகு கடிகாரங்கள். இருபத்துமூன்று எதற்கும் அட்டையைத் தூக்கவில்லை, தன் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலே காலுக்கு எழுந்து மேடைக்குப் போய்ப் பெஞ்சமினிடம் குனிந்து ஏதோ கேட்டார். பெஞ்சமின் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினான். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். நாலரைக்கு எழுந்தார், வாசலில் நின்றார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். போய்விட்டார்.

வெர்னே ஐந்தே காலுக்கு வந்தது. ஒரு எடைக்காரர் எடை விலை வரை வந்து நின்றார். நான் அதற்கு மேல் ஒரே ஒரு தடவை அட்டையைத் தூக்கினேன், சுத்தியல் விழுந்தது. காது குத்தும் நேரம்கூட ஆகவில்லை.

வழக்கமாக நான் ஜெயித்தால் எதிர்ப்பக்கம் பார்ப்பேன். அவர் அட்டையை மடியில் கவிழ்த்துவிட்டு லேசாகத் தலையசைப்பார், தங்கப்பல் மின்னும். இன்று அந்த நாற்காலி காலியாக இருந்தது.

நவம்பர் 2, வியாழன்

இரண்டுக்கும் சாவி கொடுத்தேன். நன்றாக ஓடுகின்றன. பாக்கியத்துக்குக் காட்டினேன். அழகாக இருக்கிறது என்றாள், பெரியதை யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டாள். யாரும் கட்டிக்கொள்வதற்கில்லை, இது சேகரிப்பு என்று சொன்னேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. இன்று ஏலம் இல்லை. கீழ் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாதே என்று சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

மதுரையிலிருந்து தம்பி மகள் போன் செய்தாள். ஏன் அத்தை தனியாகவே இருந்துவிட்டீர்கள் என்று திடீரென்று கேட்டாள். இப்போதுள்ள பிள்ளைகள் எதையும் கேட்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட ஒருவரிடம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன், யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நாற்பது வருடம் நான் பேசியதெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவர்களோடு. நான் கேட்பேன், அவர்கள் பதில் சொல்ல முடியாது, நானே பதிலும் சொல்லிக்கொள்வேன். அந்தப் பழக்கம்தான் இன்னும் இருக்கிறது. வெடிச் சத்தத்தில் கடிகாரச் சத்தம் கேட்கவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

எழுத உட்கார்ந்து வெகுநேரமாகிறது.

ஏலக்கூடத்துக்கு இன்று நல்ல மனநிலையில்தான் போனேன். இருபத்துமூன்று வந்திருந்தார், மெலிந்திருந்தார். நாலரை அடிக்கப் போகும்போது பையை எடுத்தார். இன்று என் வரிசையிலேயே உட்கார்ந்திருந்ததால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சார், ராகு காலம் வந்துருச்சா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நின்று யோசித்தார். பிறகு சிரித்தார்.

"அட, அதெல்லாம் பார்க்க எனக்கு எங்கீங்க நேரம். அஞ்சு மணிக்கு வீட்டுக்காரிக்குக் கஞ்சி குடுக்கோணும். காலையில மத்தியானமெல்லாம் நர்சுங்க எப்படியோ ஊட்டிடறாங்க. சாயங்காலம் ஆனா வாயத் திறக்க மாட்டா. நான் போனாத்தான்."

சொல்லிவிட்டு, யார் காலையும் மிதிக்காமல் போனார். அதற்குப் பிறகு எந்தக் கடிகாரம் எந்த விலைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது பெஞ்சமினிடம் அவர் யார் என்று கேட்டேன். தெய்வசிகாமணி, கோபிச்செட்டிபாளையம் பக்கம், பாரிமுனையில் பால்பேரிங் கடை வைத்திருந்தவர். மனைவிக்கு ஞாபகம் எல்லாம் போய்விட்டது, கீழ்ப்பாக்கத்தில் ஒரு காப்பகத்தில் இருக்கிறார். இவ்வளவும் இவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ஒருவர் எழுந்து போனால் அது ராகு காலத்துக்காகத்தான் இருக்கும் என்று, ராகு காலத்தை நம்பாத நான்தான் நம்பியிருக்கிறேன்.

நவம்பர் 29, புதன்

ஒருவர் வாயைத் திறக்கவில்லை என்றால் அது என் இலாகா. பொருந்தாத பல்செட், ஈறில் புண், உள்ளுக்குள் சீழ், இப்படி ஏதாவது இருக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் வாயை இறுக்கிக்கொள்வார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஞாபகமறதி என்று எழுதிவிட்டிருப்பார்கள். கண்ணாடியையும் சின்ன டார்ச்சையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் காப்பகத்துக்குப் போனேன். தெய்வசிகாமணி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

அந்த அம்மாள் பேர் சௌந்தரம். ஜன்னல் பக்கம் தலையணை வைத்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள். இரண்டு உதடும் ஒட்டிய மாதிரி இருந்தன. நான் என் கிளினிக் குரலில் வாயைத் திறங்கம்மா என்று சொன்னேன். அந்தக் குரலுக்குப் போலீஸ்காரர்கள்கூடத் திறந்திருக்கிறார்கள். சௌந்தரம் என்னைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

தெய்வசிகாமணி சட்டைப் பையிலிருந்து ஒரு தங்கக் கைக்கடிகாரத்தை எடுத்தார். அக்டோபர் பதினைந்தாம் தேதி ஏலத்தில் வாங்கியது. சாவி கொடுத்து மனைவியின் காதில் வைத்தார். அந்த அம்மாள் கொஞ்சம் தலையைச் சாய்த்தார். உதடுகள் பிரிந்தன, மறுபடி மூடிக்கொண்டன. அவர் காத்திருந்து, பிரியும்போதெல்லாம் ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தார். இடையில் நான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். பல்லெல்லாம் ஒழுங்காக இருந்தது. ஈறு சுத்தமாக இருந்தது. கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு அவர் சொன்னார். கல்யாணத்துக்கு மாமனார் கட்டிவிட்டது ஒரு வெர்னே. படுக்கையில் அவர் கை சௌந்தரத்தின் தலைக்கடியில் இருக்குமாம், அந்தச் சத்தத்தில்தான் அந்த அம்மாள் தூங்குவாராம். உடம்புக்கு இப்படி ஆன பிறகு, ஒருநாள் எதேச்சையாகக் கடிகாரக் கை காதருகே போனபோது வாயைத் திறந்தார். அதன்பின் தினமும் அதுதான் மருந்து. அப்புறம் கடிகாரம் தண்ணீரில் விழுந்தது. கடைக்காரர் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வேறு மிஷின் வைத்துக் கொடுத்தார்.

"முகம் அதேதானுங்க. குரல் வேற," என்றார்.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் வாங்கிக் காதில் வைத்துப் பார்க்கிறார். ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு அந்த அம்மாள் பழகிப்போய்க் கண்டுகொள்ளமாட்டார். அதை விற்றுவிட்டு இன்னொன்று. தங்கக் கூடுதான் வேண்டும், மற்றதில் சத்தம் தகரம் மாதிரி வருகிறது என்றார். எனக்கு வாய்க்கு வந்தபடி தரகு புத்தி என்று எழுதியது நினைவு வந்தது.

"அன்னிக்கு வந்த வெர்னேயைக் காதுல வெச்சதும் எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க," என்றார். "கொஞ்சம் முன்னால போடுங்கன்னு கேட்டுப் பார்த்தேன். யாரோ கடைசியில வைக்கச் சொல்லியிருக்காங்கன்னு சொன்னாரு. சரி, அவங்களுக்கு என்ன அவசரமோ."

அவர் மனைவி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

நவம்பர் 30, வியாழன்

கொடுக்க முடியாது. நான் நேர்மையாக ஏலத்தில் எடுத்தது. வரிசையை மாற்றுவது தப்பில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

உலகத்தில் எத்தனையோ வெர்னே இருக்கும். அவர் தேடட்டும். நான் தேடவில்லையா.

டிசம்பர் 5, செவ்வாய்

புயல் மழை. நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், பாக்கியம் வரவில்லை, போன் செத்துவிட்டது. பிரிட்ஜ் சத்தம், மின்விசிறிச் சத்தம், மோட்டார் சத்தம் எதுவும் இல்லாமல் வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. மழை விட்டபோது மத்தியானம் நோயாளி நாற்காலியில் படுத்திருந்தேன். அப்போதுதான் இரண்டும் தனித்தனியாகக் கேட்டன.

அம்மாவுடையது சின்னது, படபடவென்று ஓடுகிறது. பெரியது நிதானமாக நடக்கிறது. ஒரே பெட்டியில் இருந்தாலும் இரண்டும் சேர்ந்து ஒலிப்பதே இல்லை. எழுந்து பெரியதைக் காதில் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் கடிகாரச் சத்தம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அவர் கையில் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் காதில் வைத்துக் கேட்டதில்லை. இவ்வளவு வருடம் முகத்தை மட்டும்தான் தேடியிருக்கிறேன்.

அழுதேன். யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் சத்தமாகவே அழுதேன். அம்மா போனபோதுகூட இப்படி அழவில்லை. தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பிடிக்கவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

தண்ணீர் வடிந்ததும் ஆட்டோ பிடித்துக் காப்பகத்துக்குப் போனேன். ஆட்டோக்காரர் மழைக்கணக்கு சொல்லி இரட்டைக் கூலி கேட்டார். பேரம் பேசவில்லை.

வெர்னேயைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். தெய்வசிகாமணி கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார், கஞ்சி அப்படியே இருந்தது. புயலிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்றார். கைக்குட்டையைப் பிரித்து அவரிடம் நீட்டினேன்.

"கடைசியில வைக்கச் சொன்னது நான்தான். எங்க அம்மாவோட வெர்னேக்கு ஜோடியா வேணும்னு," என்றேன்.

"தெரியுங்க," என்றார். "பெஞ்சமின் உங்களப் பார்த்துட்டுத்தானே சொன்னாரு."

தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார். சாவி கொடுங்கள் என்றேன்.

கொடுத்தார். மனைவியின் காதில் வைத்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சௌந்தரத்தின் நெற்றி சுருங்கியது, பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கூப்பிடுவதைக் கவனிக்கிறவர் மாதிரி. கை மெல்ல மேலே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"மணி என்னங்க?" என்றார்.

தெய்வசிகாமணி கடிகாரத்தை மனைவியின் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே சொன்னார். "அஞ்சாச்சு, சௌந்தரம்."

"இன்னும் சாப்பிடலீங்களா?"

அவர் அழுதுகொண்டே கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த கரண்டிக்கு அந்த அம்மாள் வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகிற வரை திறந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருடம் இந்தக் கையால் எத்தனையோ வாய்களைத் திறக்க வைத்திருக்கிறேன், ஒன்றும் இந்த மாதிரித் திறந்ததில்லை.

வீட்டில் ஜோடிப் பெட்டியின் பெரிய பள்ளம் மறுபடி காலி. பரவாயில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

ஏலம். நாலரைக்கு எழுந்து போகும்போது சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். தங்கப்பல் மின்னியது. நான் ஒன்றும் வாங்கவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 19, செவ்வாய்

காலையில் பெஞ்சமின் போன் செய்தான். சௌந்தரம் விடியற்காலையில் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே.

டிசம்பர் 20, புதன்

நேற்று மாலை சாவு வீட்டுக்குப் போய் வந்தேன். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் யார் என்று சௌந்தரத்தின் தங்கை கேட்டார். பல் டாக்டர் என்றேன். அந்த அம்மாளுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

தெய்வசிகாமணி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு எழுந்து நின்றார். எங்கே என்று யாரோ கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் 24, ஞாயிறு

ஏலத்துக்குப் போகவில்லை. அலமாரியைச் சுத்தம் செய்தேன். அம்மாவின் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டேன், இதுவரை கட்டியதில்லை. வார் சரியாக இருந்தது. பாக்கியம் பார்த்துவிட்டு நல்லா இருக்கும்மா என்றாள்.

ஜனவரி 7, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்று அவர் ஏலத்துக்கு வந்தார். எதற்காக வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவருக்கு இனிக் கடிகாரம் எதற்கு. வழக்கமான நாற்காலியில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டையை வாங்கியிருக்கிறார், தூக்கவே இல்லை.

எனக்கு இன்று ஒரு கடிகாரம் வேண்டியிருந்தது. செந்தங்கத்தில் செய்தது, பட்டியலில் சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தேன். அது மேடைக்கு வந்தபோது நாலரை. பெஞ்சமின் சுத்தியலைத் தூக்கினான். எடைக்காரர்கள் ஆரம்பித்தார்கள். நான் அட்டையைக் கையில் எடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

தெய்வசிகாமணி பையை மடித்து இடுக்கிக்கொண்டார். நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்தார். அப்படியே நின்றார். போவதற்கு இடமில்லை என்பது அவர் முதுகிலேயே தெரிந்தது. மெல்ல உட்கார்ந்துவிட்டார். பையை மறுபடி மடியில் விரித்து வைத்தார்.

அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன். யார் காலையோ மிதித்துவிட்டேன். அவர் நாற்காலிக்குப் போய், "வாங்க, காபி குடிக்கலாம்," என்றேன். எழுந்து வந்தார்.

வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து பெஞ்சமின் ஒலிபெருக்கியிலேயே கேட்டான். "என்ன டாக்டர், உங்களுக்கும் ராகு காலமா?"

கூடம் சிரித்தது. "ஆமா, பெஞ்சமின்," என்றேன்.

பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். காபி வந்ததும் அவர் பையிலிருந்து வெர்னேயை எடுத்து மேஜையில் என் பக்கம் நகர்த்தினார். இனி எனக்கு எதுக்குங்க, ஜோடியோடு சேர்த்து வைத்துவிடுங்கள் என்றார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குச் சாவி குடுத்தீங்களா?" என்றேன்.

"தினமும் குடுக்கறனுங்க. நின்னு போச்சுன்னா என்னமோ மாதிரி இருக்குது."

அப்படியானால் உங்களிடமே இருக்கட்டும் என்றேன். என் கையைத் திருப்பி அம்மாவுடையதைக் காட்டினேன். இதற்கு நான் கொடுத்துக்கொள்கிறேன், அதற்கு நீங்கள் கொடுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எடுத்துக் கட்டிக்கொண்டார். காபியைக் குடித்தபோது முகத்தைச் சுளித்துத் தலையை வலதுபக்கம் சாய்த்தார்.

"இடது பக்கம் கூசுதா?"

"கொஞ்ச நாளாவே இருக்குதுங்க. யாருகிட்ட போய்ச் சொல்றது."

உறை தளர்ந்து ரொம்ப நாளாகிறது, நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏலம் கிடையாது, வீட்டுக்கு வாருங்கள், நாற்காலி சும்மாதான் கிடக்கிறது என்றேன். அவர் பையை மடித்து இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"எத்தனை மணிக்குங்க வரோணும்?"

"நாலரைக்கு," என்றேன்.